எழுபத்து நான்கு

எங்கேயோ ஒரு பரீட்சை நடக்கப்போகிறது என்று காதில் விழுந்தால் போதும், டியூஷன் மாஸ்டருக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். யாருடைய பரீட்சை, எதற்காக வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். முதலில் போன வருடத்துக் கேள்வித்தாள் கைக்கு வந்தாக வேண்டும். வந்துவிட்டால் அதைப் பிரித்து மேய்ந்து, பிள்ளைகள் தூக்கத்தில்கூட விடை சொல்லும் அளவுக்கு உருப்போட வைத்துவிடுவார். வீட்டு மாடியில் பெஞ்சு போட்டு இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மக்கு என்று பள்ளிக்கூடம் கைகழுவிய எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறார். ஃபெயில் என்ற சொல்லை அந்த மாடியில் யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் கணக்குப் போட வேண்டும்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்கு ஒன்பது வயதாகியும் ஐந்துக்கு மேல் எண்ண வரவில்லை. வீட்டில் அவளைச் சின்னு என்பார்கள். இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசுவாள். மூன்றாவது வார்த்தை வேண்டுமென்றால் நாம்தான் காத்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது. மாஸ்டர் இதை யாரிடமும் மறைத்தவர் இல்லை. ஆனால் மகளை மாடிக்கு அழைத்து ஒருநாளும் பாடம் நடத்தியவரும் இல்லை. தனக்குப் பொறுமை போய்விடுமோ, பிள்ளையின் மேல் கை ஓங்கிவிடுவோமோ என்று பயம். அதனால் அவள் விஷயத்தை மனைவியிடமும் பள்ளிக்கூடத்திடமும் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அது அரசுப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் சின்னு காலம் தள்ளியதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் ஸ்பெஷல் டீச்சர். மாடிப்படிக்குக் கீழே, கூரை சரிந்து இறங்கும் ஒரு சின்ன அறையில் தினமும் காலை இரண்டு மணி நேரம் சின்னுவுக்கும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பவர். எழுந்திருக்கும்போதெல்லாம் கூரையில் தலையை இடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாதி நாள் அவர் வேண்டுமென்றேதான் இடித்துக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. இன்னொருவர் உதவியாளராக இருந்த பெண். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். மீதி நேரம் முழுக்க வகுப்பில் சின்னுவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர் வேலை. சின்னு ஒரு காதை இழுத்தால் பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். இரண்டு காதையும் இழுத்தால் இனி ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று அர்த்தம். கதவு திறந்திருந்தால் அவள் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவாள். எங்கே என்று கேட்டால் "அங்க" என்பாள். இதெல்லாம் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பிள்ளைகளைக் கல்வி அலுவலகத்துக்கு வரச்சொல்லி மறுமதிப்பீடு செய்வார்கள். அந்த வருடம் சின்னுவின் முறை வந்தது. தகவல் சொல்லும்போது ஸ்பெஷல் டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"சார், வீட்ல எதுவும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வராதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே வரட்டும்."

அடுத்த பிள்ளையின் அப்பா காத்திருந்ததால் டீச்சர் அதற்கு மேல் விளக்கவில்லை. மாஸ்டருக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாக எந்தப் பள்ளிக்கூட டீச்சர்தான் டியூஷன் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்?

விண்ணப்பம் கொடுக்கப் போன இடத்தில், அலுவலக வராந்தா பெஞ்சில், ஒரு பஸ் கண்டக்டர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கண்டக்டரின் மகனுக்கு முந்தின நாள்தான் மதிப்பீடு முடிந்திருந்தது. மனுஷன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் பையன் ஒண்ணும் தேறலை சார். முப்பத்தெட்டுதான் போட்டாங்க."

"விடுங்க சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று தேற்றிவிட்டு, மாஸ்டர் வழக்கமான கேள்விக்கு வந்தார். "என்னென்ன கேட்டாங்க? ஞாபகம் இருக்கா?"

யாரிடம் கேட்கிறார்! எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், எங்கே இறங்க வேண்டியவர்கள் என்று நாளெல்லாம் மனதில் வைத்திருக்கிற மனிதர். ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஆறு துண்டு சேர்த்தால் ஒரு யானை. நான்கு வடிவப் பலகைகள். படத்தைக் காட்டி 'இது எதுக்கு' என்று பன்னிரண்டு கேள்வி. எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது. மாஸ்டர் விண்ணப்பத்தின் நகலைத் திருப்பி அதன் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தது.

"இது எதுக்காக வைக்கிற டெஸ்ட்டுன்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பெட்டியின் மேல் பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்காமல் எதையும் யாரிடமும் நீட்டமாட்டாள்.

"டெஸ்ட்னா டெஸ்ட்தான். நல்லா எழுதினா நல்லதுதானே நடக்கும்?"

அப்பாவும் மகளும் முதல் தடவையாக எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டாள்.

அந்த நாற்பது நாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாஸ்டர் தன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நோட்டு அட்டையை வெட்டி யானையை ஆறு துண்டாக்கினார். படங்களை வரைந்தார், அவர் வரைந்த கத்தி கரண்டி மாதிரி இருந்தது, பரவாயில்லை. காலையில் அரை மணி, சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒரு மணி. "குடை எதுக்கு?" என்று கேட்டால் சின்னு முதல் வாரம் அவர் மூக்கைப் பிடித்தாள். இரண்டாவது வாரம் "குடை" என்றாள். பதினோராவது நாள் "மழைக்கு" என்றாள். மாஸ்டர் துள்ளிக் குதித்ததில் மேசை மேல் இருந்த யானை சிதறிவிட்டது. எவ்வளவு பயந்திருந்தார், பொறுமை போய்விடும் என்று! எண்பது தடவை ஒரே கேள்வியைக் கேட்டும் அவருக்கு அலுக்கவில்லை. இவளை இத்தனை வருடம் ஏன் விட்டுவைத்தோம் என்று ஒருநாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நாற்பதாவது நாள் சின்னு எல்லாவற்றையும் கடகடவென்று செய்தாள். கேள்வியின் வரிசையை மாற்றினால் மட்டும் தடுமாறினாள். வரிசையை யார் மாற்றப்போகிறார்கள்?

யாரும் மாற்றவில்லை. அலுவலக அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்கக் கேட்க, சின்னு பட்டுப் பட்டென்று சொன்னாள். அவர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதற்குள் யானையைச் சேர்த்துவிட்டாள். எழுபத்து நான்கு.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மாஸ்டர் நின்றபடியே படித்தார். 'மாணவியின் திறன் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்துள்ளது.' தலைகால் புரியவில்லை அவருக்கு. டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தார். மாடிச் சுவரில், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் பெயர் ஒட்டும் பலகையில், எல்லோருக்கும் மேலே அந்தக் கடிதத்தைக் குத்திவைத்தார். ஒன்பது வருடத்தில் அந்தப் பலகைக்கு அவர் வீட்டிலிருந்து போன முதல் காகிதம் அது.

வேலை முடிந்து வந்த மனைவி அதன் கீழே நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"என்னங்க, 'எழுபதும் அதற்கு மேலும் பெறும் மாணவர்களுக்குச் சிறப்பு உதவி தேவைப்படாது'ன்னு போட்டிருக்கே. அப்போ அக்கா?"

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அந்த வரிக்கு வந்ததும் கடிதத்தைப் பலகையிலிருந்து கழற்றினார்.

திங்கட்கிழமை சின்னுவின் பக்கத்து இடம் காலி. ஸ்பெஷல் டீச்சர் அறையின் பெயர்ப் பட்டியலில் நாலு பேர் மூன்று பேராகியிருந்தார்கள். டீச்சர் மாஸ்டரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சொல்லிக்கொடுத்தீங்களா சார்?"

மாஸ்டர் தலையைக் குனிந்தார்.

"நான்தான் சரியா விளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றார் டீச்சர். திட்டியிருந்தால்கூட மாஸ்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் வாரம் சின்னு மூன்று நாள் ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தாள். வகுப்பாசிரியை கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில் ஒரு பிள்ளை காதை இழுப்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது வாரம் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் மத்தியானம் மருந்துக் கடைக்குத் தலைமையாசிரியையின் போன் வந்தது. சின்னு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். பெரிய சாலையின் நடுவில் நின்றிருந்தவளை ஒரு லாரி டிரைவர் இறங்கித் தூக்கிவந்து விட்டிருக்கிறார். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு "அங்க" என்றாளாம்.

அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, மாஸ்டருக்கு டிக்கெட் கிழிக்க வந்தவர் அதே கண்டக்டர்.

"சார்! உங்க பொண்ணு பாஸாமே! குடுத்து வச்சவர் சார் நீங்க." ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் குனிந்தார். "நம்ம பையனுக்கு ஒரு அக்காவைப் போட்டிருக்காங்க சார். நாள் முழுக்கக் கூடவே இருக்காங்க. தங்கமான பொம்பளை. அவன் கண்ணைச் சிமிட்டினாலே புரிஞ்சுக்கிறாங்க."

"எந்த ஸ்கூல்லேர்ந்து வந்தாங்களாம்?"

கண்டக்டர் சொன்னார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் மேல் கோபப்பட முயன்று பார்த்தார், முடியவில்லை. முப்பத்தெட்டு வாங்கிய பிள்ளைக்கு அக்கா கிடைத்துவிட்டார். எழுபத்து நான்கு வாங்கிய பிள்ளை மாஸ்டரின் மடியில் ஈரமாக உட்கார்ந்திருந்தாள்.

மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதை ஸ்பெஷல் டீச்சர்தான் சொன்னார். தன் கைப்பட நாலு பக்கம் எழுதியும் கொடுத்தார். விசாரணைக்கு ஏழு வாரம் கழித்துத் தேதி விழுந்தது. அந்த ஏழு வாரத்தில் ஒருநாள் மாஸ்டர் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். யாருமில்லாத நேரமாகப் பார்த்துச் சின்னுவை எதிரே உட்கார வைத்தார்.

"குடை எதுக்குன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம். குடை எதுக்கு?"

"மழைக்கு!" என்று சொல்லிவிட்டு அவள் தானே கைதட்டிக்கொண்டாள்.

"இல்லடா. தெரியாது. தெ-ரி-யா-து."

சின்னுவின் முகம் விழுந்துவிட்டது. சரியாகச் சொன்ன பிறகும் அப்பா ஏன் இல்லை என்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. யானைத் துண்டுகளை ஓடிப்போய் எடுத்துவந்தாள், அதையாவது சேர்த்துக் காட்டலாம் என்று. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மாஸ்டர் எழுந்துவிட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, மகளை எப்படி இருக்கிறாளோ அப்படியே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தார். டீச்சர் முதலிலேயே சொன்னதும் அதுதானே.

விசாரணை அதிகாரி நல்ல பெண்மணி. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிடுவோம். சின்னுவுக்குத் தனியாக ஒரு நாற்காலி போடச் சொன்னார். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். மாஸ்டர் எழுந்து நின்று, தன் மாடியில் மாணவன் ஒப்பிப்பது போல, நடந்த எல்லாவற்றையும் சொன்னார். கண்டக்டரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"கேள்வி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுது மேடம். யார்னு கேக்காதீங்க. தப்பு என்னோடது."

அதிகாரி வேறொரு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மாற்றுத் தொகுப்பு. புதுப் படங்கள், புதுக் கேள்விகள். "இது பேருக்குத்தான் சார், ஆனா பாத்துடலாம்" என்றார். மாஸ்டரும் மனைவியும் சுவரோரம் நின்றார்கள்.

"இது எதுக்கும்மா?" படத்தில் சாவி.

சின்னு யோசித்தாள். "மழைக்கு" என்றாள்.

"இது?" படத்தில் சோப்பு.

"வெட்ட."

ஆறு துண்டும் சேர்ந்தால் ஒரு கப்பல். சின்னு இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து யானையைத் தேடினாள். எண்களைச் சொல்லச் சொன்னபோது பழைய எண்களையே சொன்னாள். ஒவ்வொன்றும் தப்பாகத் தப்பாக மாஸ்டரின் மனசு லேசானது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளை தோற்பதைப் பார்த்து அவர் கும்பிடாத குறையாக நின்றார். நடுவில் சின்னு திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், அப்படித்தான், அப்படித்தான் என்று. அவளும் சிரித்துக்கொண்டே அடுத்ததையும் தப்பாகச் சொன்னாள். நாற்பத்தொன்று.

அதிகாரி பேனாவை மூடினார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை நீங்க சொல்லிக்கொடுத்து நல்லா செஞ்சா. இந்தத் தடவை சரியா செய்யாதேன்னு சொல்லிக்கொடுத்தீங்களா?"

மனைவி அவர் முழங்கையை அழுத்தினாள். மாஸ்டருக்கு அது புரிந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று வந்தவர் அவர்.

"ஒரே ஒரு நாள் முயற்சி பண்ணேன் மேடம். அஞ்சு நிமிஷம். அவளுக்கு வரலை, விட்டுட்டேன். சத்தியமா இன்னிக்கு அவ செஞ்சது அவளாத்தான்."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். பிறகு எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார், அதுவும் வருத்தமாகத்தான் சொன்னார்.

"நீங்க அவளை எப்படி வேணாலும் தயார் பண்ண முடியும்னு நீங்களே சொல்றீங்க. இப்ப தலையை ஆட்டினதையும் நான் பாத்தேன். அப்போ இந்த நாற்பத்தொன்னை நான் எதை வச்சு நம்பறது? ஃபைல்ல செல்லுபடியாகிறது எழுபத்து நாலு மட்டும்தான். அதுவும் போக, நாற்பது நாள்ல இவ்வளவு கத்துக்கிற பிள்ளைக்கு உதவி வேணும்னு மேல எழுதினா, என்னைத்தான் கேள்வி கேப்பாங்க."

"அடுத்து எப்போ மேடம்?" என்றாள் மனைவி.

"மூணு வருஷம் ஆகும்மா."

மூன்று வருடத்தில் சின்னுவுக்குப் பன்னிரண்டு வயது. மனைவி கணக்குப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது மாஸ்டரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் கையை விட்டுவிட்டு மகளின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுக்கு விடுப்பு அரை நாள்தான். மகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கிருந்தே கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சின்னுவைப் பள்ளிக்கூடத்தில் விட மாஸ்டர்தான் போனார். வேறு எங்கே விடுவது? வீட்டில் பகலில் ஆள் கிடையாது. அவர் காலை வேளையில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியை வாசலுக்கு வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காதபடி கதவைப் பாதி சாத்திக்கொண்டார். சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை. நாற்பத்தாறு பேரை வச்சுக்கிட்டு என்னால இவளைப் பாத்துக்க முடியாது. பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பிட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன். கேட்டைப் பூட்டச் சொல்லியிருக்கேன். மாத்து டிரஸ் ரெண்டு குடுத்தனுப்புங்க. அவ்வளவுதான் சார் என்னால முடிஞ்சது."

"சரிங்க டீச்சர்" என்றார் மாஸ்டர். எத்தனையோ டீச்சர்களைப் பின்னால் நக்கலடித்தவர்தான். இவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே போய்ச் சின்னுவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் சுவரோரம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். இத்தனை வாரமும் அப்படித்தான் விடுகிறாள் என்று வகுப்பாசிரியை பின்னாலிருந்து சொன்னார். சின்னு அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

"அக்கா?"

மாஸ்டர் குனிந்து அவள் காலரைச் சரிசெய்தார். சொல்வதற்கு அவரிடம் உண்மையான விடை ஒன்று இருந்தது. அதை எண்பது தடவை சொன்னாலும் அவளுக்குப் புரியாது, புரிந்தால் அதைவிட மோசம்.

"வருவாங்கடா" என்றார்.

தெரிந்தே அவளுக்குத் தப்பான விடை சொல்லிக்கொடுத்தார். அவளும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, தடுமாறவில்லை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவர் வகுப்பின் வாசலைத் தாண்டும்போது, முன்பெஞ்சுப் பெண்ணின் முதுகைத் தட்டித் தட்டி அவள் சொல்லிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

"அக்கா வருவாங்க. அக்கா வருவாங்க."